'நோ மார்க்கப்' என்றால் அழித்துவிட்டது என்று நினைத்தேன்

கொழிஞ்சாம்பாறையில் 11 வருஷமாக டைப்பிங், டிடிபி கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு ஜில்லா, கேரளாதான்; ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். காலையில் மலையாளத்தில் வாடகைச் சீட்டு, மதியம் தமிழில் காதுகுத்து அழைப்பிதழ், சாயங்காலம் ஏதாவது ஒரு பையனுக்கு இங்கிலீஷில் பயோடேட்டா என்று போகும் பொழுது. வேர்டு தெரியாதவள் எழுதுகிற புலம்பல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். தினமும் 8 மணி நேரம் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி இருந்தும் போன வருஷம் மெனுவில் இருந்த இரண்டு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு 15,900 ரூபாயையும் 19 நாளையும் தொலைத்தேன். ஊரில் ஒரு பெரியவரை எதிரில் பார்த்தால் சந்துக்குள் திரும்பிவிடுகிற நிலைமைக்கும் வந்தேன்.

வேலை இதுதான். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு 50ஆம் ஆண்டு மலர். 64 பக்கம், ஏ4 அளவு, 300 பிரதி. பொள்ளாச்சியில் ஒரு பிரஸ்ஸில் பிரதிக்கு 58 ரூபாய் என்று பேசியிருந்தார்கள். டைப் அடித்துப் பக்கம் அமைத்துக் கொடுக்க எனக்கு 6,500. அதே வாரம்தான் கடைக்குப் புது லேப்டாப் வந்திருந்தது. விண்டோஸ் ஏற்றிக் கொடுத்த பையன், ஊர், மொழி கேட்கிற இடத்தில் எல்லாம் 'நெக்ஸ்ட்' கொடுத்துக்கொண்டே போயிருக்கிறான். அதனால் வேர்டு என்னை அமெரிக்காக்காரி என்றே நினைத்துக்கொண்டு, புது ஃபைல் திறக்கும்போதெல்லாம் லெட்டர் சைஸ் பக்கத்தைக் கொடுத்தது. அது 216 மில்லிமீட்டருக்கு 279. நம்முடைய ஏ4 210க்கு 297. அகலத்தில் 6 கூடுதல், உயரத்தில் 18 குறைவு. திரையில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

என் பிரிண்டரில் ஏ4 பேப்பர்தான் இருக்கிறது, புரூஃப் எடுத்தபோதே தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். வேர்டின் ஆப்ஷன்ஸில் 'அட்வான்ஸ்டு' போய், கீழே பிரிண்ட் பகுதி வரைக்கும் இறங்கினால், ஏ4க்கும் லெட்டருக்கும் தகுந்தபடி அளவைச் சரிசெய்துகொள் என்று ஒரு டிக் இருக்கும். அது வரும்போதே போட்டுத்தான் வருகிறது. லெட்டர் பக்கத்தை ஏ4 தாளுக்குப் பொருந்துகிற மாதிரி சத்தமில்லாமல் மாற்றி அச்சடித்துத் தந்துவிடும். ஒரு தப்பான செட்டிங்கை இன்னொரு செட்டிங் மூடி மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் "பேப்பர் மாறியிருக்கு, சுருக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

பிரஸ்ஸிலிருந்து போன் வந்தது. "அக்கா, உங்க ஃபைல் லெட்டர் சைஸ்ல இருக்குது, அடியில வெள்ளை விழுகுது." ஏ4க்கு மாற்றினேன். 64 பக்கம் 62 ஆகிவிட்டது. பிரஸ்காரர்களுக்கு நான்கின் மடங்கில் வேண்டும், ஆக இரண்டு பக்கத்துக்குப் பழைய போட்டோ தேடி அலைந்தேன். பொருளடக்கத்தில் பக்க எண்ணையெல்லாம் கையால் அடித்து வைத்திருந்தேன் (தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுத்திருந்தால் வேர்டே போட்டுத் தந்திருக்கும், அது என் சோம்பேறித்தனம்). அத்தனையும் தப்பு. நான்கு நாள் போனது. பணம் போகவில்லை என்று அப்போது சந்தோஷம்கூடப் பட்டேன்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். புது மெஷினோ புது வேர்டோ வந்தால், ஒரு எழுத்துகூட அடிப்பதற்கு முன்னால் 'லேஅவுட்' போய் 'சைஸ்' எடுத்து, அடியில் இருக்கும் 'மோர் பேப்பர் சைஸஸ்' அமுக்கி ஏ4 கொடுங்கள். ஓகே கொடுத்து வெளியே வந்துவிடாதீர்கள். அதே பெட்டியில் 'செட் அஸ் டிஃபால்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அமுக்கினால்தான் நாளைக்குத் திறக்கிற புது ஃபைலும் ஏ4 ஆக வரும். எழுத்துருவுக்கும் இதே கதைதான். கண்ட்ரோல் டி அமுக்கி எழுத்தும் அளவும் கொடுத்துவிட்டு 'செட் அஸ் டிஃபால்ட்' கொடுத்தால், இந்த ஃபைலுக்கு மட்டுமா, நார்மல் டெம்ப்ளேட்டை வைத்து வருகிற எல்லாவற்றுக்குமா என்று கேட்கும். இரண்டாவதைக் கொடுங்கள். அப்படியே பாரா இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். 2013 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பாராவுக்கும் கீழே 8 பாயிண்ட் இடைவெளி அதுவாகவே விழும். "என்டர் தட்டினா ஏன் இவ்வளவு தள்ளிப் போகுது" என்று கேட்காத வாடிக்கையாளரே கிடையாது. அழைப்பிதழில் பெயர்கள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்ட மாதிரி நிற்பதற்குக் காரணம் அதுதான்.

இனி அசல் கதை. மலரைத் திருத்தியது இரண்டு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். இன்னொருவர் பொருளாளர். அவர் திருப்பூரில் ஆபீஸ் வேலையில் இருக்கிறவர், வேர்டு நன்றாகவே தெரியும், அதனால்தான் 'ட்ராக் சேஞ்சஸ்' போட்டுத் திருத்தினார். அது போட்டிருந்தால் எதையும் உண்மையில் அழிக்காது. அழித்ததைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளும், சேர்த்ததை நிறத்தில் காட்டும், யார் எப்போது செய்தார் என்பதையும் கூடவே எழுதி வைக்கும். கூட்டாக எழுதுகிறவர்களுக்கு அருமையான வசதி. எனக்கு அதுவரை அவ்வளவு பழக்கமில்லை. எங்கள் கடையில் திருத்தம் என்றால் சிவப்புப் பேனாதான்.

ஃபைல் திரும்பி வந்தபோது பக்கமெல்லாம் சிவப்பும் நீலமும். ஒவ்வொன்றையும் படித்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. இந்த நிறமெல்லாம் போனால் போதும் என்று 'ரிவ்யூ' பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு சின்னப் பெட்டியில் நான்கு வரி: சிம்பிள் மார்க்கப், ஆல் மார்க்கப், நோ மார்க்கப், ஒரிஜினல் (மார்க்கப் என்றால் இந்தத் திருத்தக் குறிகள்). 'நோ மார்க்கப்' கொடுத்தேன். ஒரே நொடியில் பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. திருத்தியது திருத்தியபடி, கோடு இல்லை, நிறம் இல்லை. சேவ் செய்து அப்படியே அனுப்பினேன். ஓரத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும் என்று பிரஸ்காரர் வேர்டு ஃபைலாகவே கேட்டிருந்தார், பிடிஎஃப் போடவில்லை.

அந்த 'நோ' என்கிற சொல்லுக்கு அங்கே 'இல்லை' என்று அர்த்தம் இல்லை. 'இப்போதைக்குக் காட்டாதே' என்று அர்த்தம். திருத்தங்கள் அத்தனையும் உள்ளே உயிரோடுதான் இருந்தன. அது மட்டும் இல்லை. மறைந்திருக்கிற திருத்தங்களை ஃபைல் திறக்கும்போது வெளியே காட்டு என்று வேர்டின் ஆப்ஷன்ஸுக்குள் 'டிரஸ்ட் சென்டர்' என்கிற பகுதியில் ஒரு டிக் இருக்கிறது, அதுவும் வரும்போதே போட்டு வருவதுதான். ரகசியம் தெரியாமல் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக வைத்தது. ஆக பொள்ளாச்சியில் அந்தத் தம்பி திறந்தபோது எல்லாம் மறுபடி எழுந்து நின்றன. பிரிண்ட் கொடுக்கிற இடத்தில் 'பிரிண்ட் மார்க்கப்' என்பதும் தானாகவே டிக் ஆகி இருந்திருக்கிறது. கறுப்பு வெள்ளையில் சிவப்பு சாம்பலாக விழுந்தது. வலது ஓரத்தில் குறிப்புகளுக்கு இடம் விட்டுப் பக்கமே சிறுத்துப் போயிருந்தது. அதை அவர் டிசைன் என்று நினைத்துக்கொண்டாராம். "ஃபைல்ல இருந்தது, அடிச்சேன்க்கா" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ராத்திரி 11 மணிக்கு 300 பிரதி அடிக்கிறவர் உள்ளே படித்துக்கொண்டா இருப்பார்?

கட்டு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தது. அட்டை நன்றாக இருந்தது, எண்ணிப் பார்த்தேன், முதல் இரண்டு பக்கம் புரட்டினேன், ஒப்படைத்தேன். அன்றைக்கு இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம்.

விழா முடிந்து மறுநாள் காலையில், கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெரியவர் வந்துவிட்டார். தென்னந்தோப்புக்காரர், பள்ளிக்கூடத்துக்கு மனமுவந்து கொடுக்கிறவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மலரை விரித்து 41ஆம் பக்கத்தைக் கவுண்டர் மேல் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நன்கொடையாளர் பட்டியல். அவர் பெயருக்கு நேராக 5,000. அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 500, அதன் மேலும் ஒரு கோடு. அதற்கும் பக்கத்தில் மறுபடி 5,000. பொருளாளர் ஒருமுறை குறைத்திருக்கிறார், பணம் வந்து சேர்ந்த பிறகு வாத்தியார் திரும்பச் சரி செய்திருக்கிறார். ஆள் இரண்டு என்பதால் வேர்டு இரண்டு பேர் கணக்கையும் விடாமல் வைத்திருக்கிறது. ஓரத்தில் கட்டம் கட்டி, பொருளாளர் பெயரோடு: "சொன்னது அஞ்சாயிரம், தந்தது ஐநூறு. போன் பண்ணினா எடுக்கறதில்லை."

பெரியவர் அதை விரலால் தொட்டு வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏனம்மணி, இதை 300 பேருமா படிச்சிருப்பாங்க?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். நிஜமாகவே கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டார். "ஐயா, தப்பு என் பேர்லதான், மெஷின்ல மறைச்சதை அழிச்சதுன்னு நினைச்சுட்டேன்" என்றேன். அவருக்கு என்ன புரிந்திருக்கும்? தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மொத்தம் 7 பக்கத்தில் இப்படி. ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று பார்த்தோம். ஒட்டினால் கிழித்துப் பார்க்காமல் யார் விடுவார்கள்? தாளை மட்டும் மாற்றலாம் என்றால் பைண்டிங் பிரிந்துவிடும். கடைசியில் முழுசாக மறுபடி அடிப்பது என்று ஆனது. பிரஸ்காரர் இரக்கப்பட்டுப் பிரதிக்கு 5 ரூபாய் குறைத்து 53க்கு அடித்துத் தந்தார். 15,900, என் கையிலிருந்து. கூலி 6,500 வந்ததைக் கழித்தால் 9,400 நஷ்டம். வாங்கிப் போனவர்கள் வீடு வீடாகப் போய்ப் பழையதை வாங்கிப் புதியதைக் கொடுக்க 15 நாள். 12 பேர் திருப்பித் தரவே இல்லை. எதற்கு வைத்துக்கொண்டார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். திருத்தம் போட்ட ஃபைல் வந்தால் 'ரிவ்யூ'வில் 'அக்செப்ட்' என்பதன் கீழே இருக்கும் சின்ன அம்பை அமுக்கி, 'அக்செப்ட் ஆல் சேஞ்சஸ் அண்ட் ஸ்டாப் ட்ராக்கிங்' கொடுக்கிறேன். அதோடு முடியாது. ஓரத்துக் குறிப்புகள் தனி ஜாதி, அக்செப்ட் கொடுத்தால் போகாது. 'டிலீட்' கீழே 'டிலீட் ஆல் காமெண்ட்ஸ்' தனியாகக் கொடுக்க வேண்டும். பிறகு 'ஃபைல்', 'இன்ஃபோ', 'செக் ஃபார் இஷ்யூஸ்', 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்'. அது உள்ளே என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். இதை ஒரு நகலில் செய்யுங்கள், அசலை அப்படியே வையுங்கள். நாளைக்கு யார் எதை மாற்றினார் என்று சண்டை வந்தால் வேண்டும். அப்புறம் பிடிஎஃப் போட்டு, ஒவ்வொரு பக்கமாக, அவசரப்படாமல், கண்ணால் பார்த்து, அந்த பிடிஎஃப்பைத்தான் அனுப்புகிறேன். பிரஸ்காரர் வேர்டுதான் வேண்டும் என்றால் இரண்டையும் அனுப்பி, பிடிஎஃப் மாதிரியே வரணும் என்று எழுதிவிடுகிறேன்.

2010 பதிப்பு வரைக்கும் அந்த இடத்தில் 'நோ மார்க்கப்' கிடையாது, 'ஃபைனல்' என்று இருந்தது. அது இன்னும் மோசம். முடிந்தது என்று எழுதியிருந்தால் முடியவில்லை என்று யார் சந்தேகப்படுவார்கள்? வேர்டு மாதிரியே வேலை செய்கிற, இலவசமாகக் கிடைக்கிற லிப்ரே ஆபீஸில் 'எடிட்' கீழே 'ட்ராக் சேஞ்சஸ்' போனால் 'ஷோ' என்று ஒரு டிக் மட்டும் இருக்கிறது. எடுத்தால் மறையும், போட்டால் தெரியும். காட்டு, காட்டாதே. அவ்வளவுதான் விஷயம், அதை அப்படியே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த ஒரு சொல் 15,900 ரூபாய் பெறும்.

கொச்சியில் மென்பொருள் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனிடம் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தபோது அவன் ஒரு பழைய கதை சொன்னான். 1983இல் வந்த ஆப்பிள் லிசா கம்ப்யூட்டரைச் செய்துகொண்டிருந்த காலத்தில், 'சரி, செய்' என்பதற்கு பட்டனில் 'டூ இட்' என்று போட்டிருந்தார்களாம். வெளி ஆட்களை உட்கார வைத்துச் சோதித்தபோது ஒருவர் அந்தப் பட்டன் வந்தாலே எரிச்சலானாராம். என்னவென்று கேட்டால், நடுவில் இடைவெளி சரியாகத் தெரியாமல், பெரிய 'ஐ' சின்ன 'எல்' மாதிரி இருந்து, அவர் அதை 'டோல்ட்' என்று படித்திருக்கிறார். மடையன் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் 'ஓகே' ஆனதாம். "அத்தை, பக்கத்துல உட்கார்ந்து பார்த்ததாலதான் தெரிஞ்சுது" என்றான். எங்கள் கடைக்கு யாரும் வந்து உட்கார்ந்து பார்த்ததில்லை. வந்தால் டீ வாங்கிக் கொடுப்பேன்.

உட்கார்ந்தால் முதலில் கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். அவள் போன சித்திரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்து, அதன் மேலேயே வேறு வீட்டுப் பெயர்களை அடித்து, கடைசியில் 'சேவ் அஸ்' தேடினாள். காணோம். அந்த இடத்தில் 'சேவ் எ காப்பி' என்று இருந்தது. ஃபைல் ஒன்டிரைவில், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடத்தில் இருந்து, ஆட்டோசேவும் ஓடிக்கொண்டிருந்தால் அப்படித்தான் வரும், ஏனென்றால் அடிக்க அடிக்கவே பழையதின் மேல் சேமித்துவிடுகிறது. பழைய பத்திரிகை போயே போய்விட்டது என்று அழாத குறை. 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் போய் மீட்டோம். இப்போது எங்கள் கடை வழக்கம், பழைய ஃபைலைத் திறந்ததும் முதல் வேலை நகல் எடுப்பது, அப்புறம்தான் கை கீபோர்டுக்கு. லிப்ரே ஆபீஸில் தமிழ் எழுத்துக்கு அளவு கொடுக்கிற இடத்தில் 'சிடிஎல்' என்று இருப்பதைப் பார்த்து என்னக்கா இது என்றாள். 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்', சிக்கலான எழுத்து அமைப்பு என்றேன். "நம்ம எழுத்து யாருக்குச் சிக்கலாம்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அந்தப் பெயர் தெரிந்தால்தான் தமிழுக்கு ஒரு அளவும் இங்கிலீஷுக்கு ஒரு அளவுமாகப் பக்கம் நொண்டாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

இன்னொன்று, தேதி. எங்கள் பக்கம் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி, கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 அதற்கு இடம் கொடுத்திருப்பதால் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். அப்படி ஒருவருக்கு அடித்துக் கொடுத்த மனுவின் நகலை மூன்று மாசம் கழித்துக் கேட்டு வந்தார். திறந்தால் அன்றைய தேதி. தேதி செருகும்போது 'அப்டேட் ஆட்டோமேட்டிக்கலி' டிக் விழுந்திருந்தது. தேதியைக் கையால் அடியுங்கள், 10 எழுத்துதான்.

இந்த வருஷம் அதே பள்ளிக்கூடத்துக்குச் சின்னதாக 16 பக்கத்தில் ஒரு ஆண்டறிக்கை. போன வாரம் பொருளாளர் ஃபைல் அனுப்பினார். திறந்தேன், சிவப்பு, நீலம், ஓரத்தில் நான்கு கட்டம். போன் போட்டு, "அண்ணா, திருத்தமெல்லாம் உள்ளேயே இருக்குதே" என்றேன்.

"இல்லியே அம்மணி, நான் நோ மார்க்கப் போட்டுத்தானே அனுப்பினேன்" என்றார்.